நீலாவதியின் தசை

எனக்குக் காப்பியைவிடத் தேநீர்தான் பிடிக்கும். பாலும் சீனியும் போடாமல், நன்றாகக் கொதித்து நாக்கைச் சுருக்கிப் பிடிக்கிற தேநீர். நேற்று உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த காப்பியில் முக்கால்வாசி டின்பால்தான் இருந்தது, இன்ஸ்பெக்டர் ராமசாமி அவர்களே. குறையாகச் சொல்லவில்லை. மரியாதைக்காக முழுவதையும் குடித்தேன்.

மலாயில் எழுதுங்கள், முடியாவிட்டால் ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்றீர்கள். நான் தமிழில்தான் எழுதுகிறேன். எனக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளை அதில்தான் எழுதுகிறேன். அதில் 'செய்யப்பட்டது', 'கண்டறியப்பட்டது' என்று எழுதி எழுதி, செய்தது யார் என்பதே காணாமல் போய்விடும். தமிழில் உட்கார்ந்தால் 'செய்தேன்' என்றுதான் கை எழுதுகிறது. உங்களுக்கு வேண்டியதும் அதுதானே. மொழிபெயர்க்க ஆள் தேடுவது உங்கள் பாடு.

முதலில் தங்கராஜுவை வெளியே விடுங்கள். சுங்கை மெராக் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவர் டிரசர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, மருந்து கலக்குவது, ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் அவர்தான். நான் சிரம்பானிலிருந்து வாரம் ஒரு தடவை மலைச்சடக்கில், அந்த மலை ரோட்டில், ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகும் டாக்டர். இரண்டு நாளாக அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். மண்ணெண்ணெய்த் திரி எரிந்தால்தான் குளிரும் ஆஸ்பத்திரி ஐஸ் பெட்டியில் திரி அணைந்துவிட்டது, உள்ளே இருந்த இன்சுலின் சூட்டில் கெட்டுப்போனது, அது தெரியாமல் போட்டுவிட்டேன், அதனால்தான் பால்வெட்டுக்காரி நீலாவதி இறந்துபோனாள் என்று அவர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். நீங்களும் நம்பிவிட்டீர்கள். பேப்பரிலும் 'டிரசரின் கவனக்குறைவு' என்று போட்டாகிவிட்டது. வழக்கு முடிந்தால் அவர் வேலையும் போகும், ஜெயிலும் உண்டு.

ஐஸ் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. திரி ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. அவர் எனக்காகப் பொய் சொல்கிறார். இதைக் கேட்டபோது என் கண் கலங்கியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. என் இத்தனை வருஷத்து உழைப்பு ஒரு மண்ணெண்ணெய்த் திரியில் போய் முடிவதா?

நீலாவதி கவனக்குறைவால் சாகவில்லை. அவளை நான் மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டேன்.

நீங்கள் சட்டம் படித்தவர். உடம்பைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும். நாம் தின்னும் சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அதில் பெரும் பங்கைத் தின்பது தசை. நடக்கிற கால், வாளி தூக்குகிற தோள், கத்தி பிடிக்கிற கை, இவைதான் உடம்பின் பெருந்தீனிக்காரர்கள். ஆனால் தசை தானாக வாயைத் திறக்காது. இன்சுலின் என்று ஒன்று உடம்பிலேயே ஊறி, வந்து சொன்னால்தான் சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும். அது சரியாக நடக்காவிட்டால் சர்க்கரை இரத்தத்திலேயே சுற்றித் திரிந்து சிறுநீரில் போய்விடும். தோட்டத்தில் இதை இனிப்பு நீர் என்பார்கள். பல பேருக்கு இன்சுலின் ஊறும், தசைக்குத்தான் காது மந்தமாகியிருக்கும். சில பேருக்கு அது சுத்தமாக ஊறவே ஊறாது. நீலாவதி இந்தச் சில பேரில் ஒருத்தி. ஊசி வழியாக இன்சுலின் போனால்தான் அவள் தசைக்குச் சாப்பாடு. இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

இனி இலைக்கு வருகிறேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிள்ளைகளுக்கு வயிறு போனால் கொய்யாக் கொழுந்தைப் பறித்து உப்பு வைத்து மெல்லக் கொடுப்பார்கள். வாயெல்லாம் இழுத்துக்கொள்ளும். அந்தத் துவர்ப்புக்குக் காரணமான சத்துகளுக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வைத்த பெயர் பாலிபினால். தேயிலையில் இருக்கிறது, நாவல் கொட்டையில் இருக்கிறது, மாங்கொழுந்தில், வாழைப்பூவில் இருக்கிறது. இந்தத் துவர்ப்புச் சத்துகள் தசையின் காதைத் தீட்டிவிடுகின்றன, சர்க்கரையை வாங்கிக்கொள்ள வைக்கின்றன என்பது என் எண்ணம். கோலாலம்பூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரு மேசை உண்டு. வாரத்தில் மூன்று நாள் அங்கே போய் எலித் தசையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கொய்யா இலை எல்லாவற்றையும் தூக்கி அடித்துவிட்டது.

ஆய்வுக்கூடத்துப் பெரியவர்கள் சிரித்தார்கள். செட்டியார் வீட்டு ஆச்சி கஷாயம் காய்ச்சுகிறாள் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். இன்சுலினை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தால் விஞ்ஞானம், கொய்யாவை நான் கண்டுபிடித்தால் கஷாயம். கொய்யா என்ன நம் நாட்டு மரமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லைதான். எங்கிருந்தோ வந்து இங்கே வேர் விட்டது. உங்களையும் என்னையும் போல.

எலித் தசை எலிக்குத்தான் பதில் சொல்லும். எனக்கு மனிதத் தசை வேண்டியிருந்தது. தொடையிலிருந்து அரிசி அளவு ஒரு துண்டு போதும். அதைப் பிரித்து, கன்றுக்குட்டி இரத்தத்தின் தெளிநீர் கலந்த சத்துநீரில், உடம்புச் சூட்டில் வைத்தால் செல்கள் தட்டில் பெருகும். பெருகி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, நீளநீளமாகப் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். சில சமயம் தானாகவே துடிக்கும். ஆளில்லாமல் தசை மட்டும் துடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு கோயிலில் நின்றால்கூட எனக்கு அந்த அளவு மெய்சிலிர்ப்பதில்லை.

அந்தத் தசைக்காக நான் தேர்ந்தெடுத்தவள் நீலாவதி. வயது முப்பதைத் தாண்டவில்லை. ஒல்லி, ஆனால் மலைநிரையில், அதாவது சரிவில் அவளுக்கு விட்ட ரப்பர் மர வரிசையில், ஏறி இறங்கி, தொடை மட்டும் உருண்டு திரண்டிருக்கும். அவள் புருஷன் மாயாண்டி, பால் ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவன். ஊசியை அவள் வெறுத்தாள். அவள் வெறுத்ததற்குக் காரணம் உண்டு, அதைக் கேட்டால் நீங்களும் என் பக்கம் வருவீர்கள்.

ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும். பால்வெட்டுக்காரிக்கு அது நடக்குமா? விடிவதற்கு முன்னால் பெரட்டு, அதாவது பெயர் கூப்பிடுவது. பெயர் கூப்பிட்டவுடன் நிரைக்குள் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் மரம் பாலை நிறுத்திக்கொள்ளும். வெட்டி முடித்து, பாலெடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த பிறகுதான் பசியாற முடியும். அதுவரை ஒரு மங்கு கறுப்புக் காப்பிதான். வெறும் வயிற்றில் இன்சுலினும் ஏறி, மலையும் ஏறினால் இரத்தத்துச் சர்க்கரை மடமடவென்று இறங்கும். நீலாவதி நிரையில் மயங்கி மயங்கி விழுந்தாள். ஒரு நாள் பால் வாளியோடு சரிவில் உருண்டாள். தலைமுடியெல்லாம் பால் உறைந்து, பிறகு கத்தரித்துத்தான் எடுத்தார்கள். வேலை வாங்குகிற மண்டோர் எல்லார் முன்னாலும், "காலங்காத்தாலேயே தண்ணி போட்டுட்டியா? இன்னொரு வாட்டி விழுந்தா நிரைய புடுங்கிப் புல்லு வெட்டத்தான் அனுப்புவேன்" என்று கத்தியிருக்கிறான்.

அந்த வாரம் அவள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"ஊசி போட்டா விழுறேன் டாக்டரம்மா. போடலன்னா செத்துப் போயிருவேன்னு டிரசர் சொல்றாரு. நடுவுல ஒன்னும் இல்லியா லா?"

"இருக்கு," என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். தொடையில் ஒரு துண்டு சதை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "எடுத்துக்குங்க, என்கிட்ட சதைக்கா பஞ்சம்" என்று தன் எலும்பும் தோலுமான கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். எதற்கு என்று நான் முழுதாகச் சொல்லவில்லை. சொன்னால் புரிந்துகொண்டிருப்பாள். கெட்டிக்காரி. புரிந்திருந்தால் கேள்வி கேட்டிருப்பாள்.

அவள் தசை தட்டில் அருமையாக வளர்ந்தது. குறி போட்ட சர்க்கரையைக் கொடுத்துவிட்டு, எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் சோதனை. கொய்யா இலைச் சாறு விட்ட தட்டு, விடாத தட்டைவிட இரண்டு மடங்கு வாங்கியிருந்தது. திரும்பச் செய்தேன். மறுபடியும் இரண்டு மடங்கு. நான் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒவ்வொருவர் முகமும் வந்து போனது.

அடுத்த வாரமே தோட்டத்தில் ஆரம்பித்தேன். மலேரியாக் காலத்திலிருந்து அங்கே ஒரு பழக்கம் உண்டு. மருந்தைப் பெரட்டுக் களத்தில் வைத்துத்தான் கொடுப்பார்கள். பெயர் கூப்பிட்டதும் முன்னால் வந்து, எல்லாரும் பார்க்க விழுங்கி, வாயைத் திறந்து டிரசரிடம் காட்டிவிட்டுப் போக வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் கோழிக்கு வைத்துவிடுவார்கள் என்று எந்தக் காலத்திலோ ஒரு துரைக்குச் சந்தேகம். அந்தப் பழக்கம் எனக்கு வசதியாகப் போயிற்று. தங்கராஜு இலையைக் காய்ச்சிக் கொண்டுபோய் அவளுக்குக் கொடுப்பார். அவள் ஒரே மூச்சில் குடித்து, முகத்தைச் சுளித்து, வாயைத் திறந்து காட்டுவாள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஊசியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன்.

அவள் விழவில்லை. இதை நீங்கள் கோடு போட்டுக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். பாதி ஊசி, ஒரு மங்கு கொய்யாச் சாறு, அவள் விழவில்லை. இரத்தத்துச் சர்க்கரையும் ஏறவில்லை. மலைநிரையை முடித்துவிட்டு மற்றவர்களுக்கு முன்னால் ஸ்டோருக்கு வந்து நின்றாள். மண்டோரைப் பார்த்து, "யாரு தண்ணி போட்டா இப்ப?" என்று கேட்டாளாம். தங்கராஜு இதை எனக்குச் சொல்லும்போது அவருக்கே பெருமை தாங்கவில்லை. லயத்தில் கொய்யா மரங்களெல்லாம் மொட்டையாகிவிட்டன. இனிப்பு நீர் இல்லாதவர்கள்கூட இலையைப் பறித்துக் காய்ச்சினார்கள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அவள் உயிரோடு இருந்திருப்பாள், என் கட்டுரையும் வந்திருக்கும். ஆனால் அந்தக் கட்டுரையில் என்ன இருக்கும்? 'இன்சுலினுக்கு உதவியாக' என்று இருக்கும். வெள்ளைக்காரன் மருந்துக்கு எடுபிடியாகக் கொய்யா. அதற்கா நான் இத்தனை பேச்சுக் கேட்டேன்?

தட்டுகளைப் பற்றி ஒன்றை இதுவரை சொல்லாமல் விட்டிருந்தேன். கேட்டால் பதில் சொல்லலாம் என்றிருந்தேன். நீங்கள் கேட்கப் போவதில்லை, அதனால் நானே சொல்கிறேன். இரண்டு தட்டுகள் இல்லை, மூன்று. முதலிரண்டு தட்டுகளின் நீரிலும் நான் இன்சுலின் சேர்த்திருந்தேன். ஒன்றில் இன்சுலின் மட்டும், ஒன்றில் இன்சுலினும் இலைச் சாறும். மூன்றாவதில் இன்சுலின் இல்லாமல் இலைச் சாறு மட்டும். இரண்டாவது தட்டு, முதல் தட்டைவிட இரண்டு மடங்கு வாங்கியது. மூன்றாவது தட்டு வெறும் தண்ணீர் விட்டதைப் போலக் கிடந்தது. இரண்டு தடவை செய்தேன், இரண்டு தடவையும் அப்படித்தான்.

அதைத் தொட்டியில் கொட்டிக் கழுவிவிட்டேன். தட்டு சரியில்லை என்று முடிவு செய்தேன். தட்டு என்பது உடம்பு இல்லையே. உடம்பில் இரத்தம் ஓடுகிறது, கால் நடக்கிறது, மலை ஏறுகிறது. நடக்கிற தசை தானாகவே கொஞ்சம் சர்க்கரை வாங்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தட்டில் படுத்துக் கிடக்கிற தசை செய்யாததை நீலாவதியின் கால் செய்யும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்பதைவிட, வேண்டியிருந்தது.

அதனால் ஊசியை முழுவதும் நிறுத்தச் சொன்னேன். தங்கராஜு கேட்டார்.

"சுத்தமா வேணாமா டாக்டரம்மா? அந்தப் பொண்ணுக்கு உள்ள ஊறவே ஊறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப வேணாம்னும் நான்தான் சொல்றேன். இலையை ரெண்டு மங்காக்குங்க."

"சரிங்க," என்றார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அதுவரை அவர் என் சொல்லை மீறியதே இல்லை. என் படிப்பின் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை.

நீலாவதிதான் சந்தோஷப்பட்டாள். ஊசி இல்லாத முதல் நாள், தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு பெரட்டுக்கு வந்தாளாம். அன்றைக்கும் அவள் விழவில்லை. மறுநாள் தாகம் என்றாள். பால்வெட்டில் யாருக்குத்தான் தாகம் இல்லை. நிரைக்குள் அடிக்கடி ஒதுங்கினாள், ரப்பர்க் காட்டில் அதை யார் கவனிப்பார்கள். அதற்கடுத்த நாள் வாந்தி. வாந்தியோடும் பெரட்டுக்கு வந்திருக்கிறாள், பெயர் விட்டுப்போனால் நிரை போய்விடும் என்ற பயம். இரண்டு மங்குச் சாற்றையும் குடித்து, வாயைத் திறந்து காட்டியிருக்கிறாள்.

தங்கராஜு, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் ஆபீசிலிருந்து எனக்குப் போன் செய்தார். "மூச்சு வேற மாதிரி வாங்குது டாக்டரம்மா. இழுத்து இழுத்து வாங்குறா. ஊசி ஒன்னு போட்டுறவா?"

"தொடாதீங்க. நான் வந்து பார்க்கிறேன்," என்றேன்.

மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். லயத்து வாசலில் தோட்டத்து வேன் நின்றது. மாயாண்டி கிராணியிடம் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறான், சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. நான் வேனைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். "அதான் டாக்டரம்மாவே வந்துட்டாங்களே" என்று அவன்தான் டிரைவரிடம் சொன்னான். கையெடுத்துக் கும்பிட்டான். அவனுக்கு என் மேல் இருந்த நம்பிக்கையை நான் எந்தப் பெரியவரிடமும் பெற்றதில்லை.

உள்ளே போனேன். பால் வெட்டுகிறவர்கள் வீட்டில் எப்போதும் ஒரு புளித்த ரப்பர் வாசனை இருக்கும். அந்த வாசனையில் எனக்கு வேறொன்றும் தெரியவில்லை என்று நான் இங்கே எழுதலாம். தெரிந்தது. அவள் மூச்சில் பழம் அழுகுகிற மணம். சர்க்கரை கிடைக்காமல் உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும்போது வருகிற மணம் அது. டாக்டர் படிப்பில் இதை மூன்றாம் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

அவளுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும் உதட்டை நனைத்துக்கொண்டு, "ஊசி போட்டுருங்கம்மா. விழுந்தாலும் பரவால்ல" என்றாள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஊசி வேண்டாம் என்று வந்து நின்றவள் அவள். இப்போது போட்டால் அவள் பிழைத்துக்கொள்வாள், எனக்குத் தெரியும். ஆனால் எது வேலை செய்தது என்பது தெரியாமல் போய்விடும். ஊசி போட்ட உடம்பிலிருந்து எடுத்த தசை எனக்கு எந்தப் பதிலும் சொல்லாது. ஊசியே இல்லாமல், இலை மட்டும் இத்தனை நாள் உள்ளே போன மனிதத் தசை உலகத்தில் அந்த ஒரு பாயில்தான் இருந்தது.

அவள் தொடையில் மரத்துப்போகிற மருந்தைப் போட்டு, இரண்டாவது துண்டை எடுத்தேன். அவள் முனகினாள், தடுக்கவில்லை. நான் வாராவாரம் தோட்டத்துக்கு இன்சுலின் கொண்டுவருவது ஒரு ஐஸ் குடுவையில். அன்றைக்கும் அதில் புதுக் குப்பிகள் இரண்டு இருந்தன. குடுவை சின்னது. குப்பிகளை வெளியே எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத் தசைக்கு இடம் செய்தேன்.

தங்கராஜு குப்பிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். மாயாண்டி வாசலில் நின்று, "பொழைச்சுருவாளா டாக்டரம்மா?" என்றான். சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடும், இலைச் சாறு கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றேன். என் காடியின் பின்சீட்டில் யாரும் இல்லை. சிரம்பான் ஆஸ்பத்திரி வாசலைக் கடந்துதான் நான் கோலாலம்பூர் போனேன். குடுவை முன்சீட்டில் என் பக்கத்தில் இருந்தது. ஐஸ் உருகிவிடுமோ என்று வழியெல்லாம் எனக்குக் கவலை.

என் காடி திரும்பியதுமே தங்கராஜு ஊசி போட்டிருக்கிறார். என் சொல்லை அவர் மீறியது அதுதான் முதல் தடவை. ஒரே ஊசியில் தூக்கி நிறுத்துகிற நிலையை அவள் தாண்டியிருந்தாள். வேனும் இல்லை. நான் ஆய்வுக்கூடத்துக் கதவைத் திறந்த நேரத்தில் அவள் போய்விட்டாள் என்று பிறகு சொன்னார்கள். நீங்கள் போய்ப் பார்த்தபோது ஜன்னல் வெயிலில் கிடந்த குப்பிகள் சூடேறிப்போயிருந்தன. அவை ஏன் அங்கே இருந்தன என்று நீங்கள் கேட்டதும், அவருக்குத் தோன்றிய ஒரே பொய் ஐஸ் பெட்டி. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். போடாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத் தண்டனை வாங்கிக்கொள்ளவும் சொல்லியிருக்கலாம். எதுவானாலும் அவருக்கு இதில் பங்கு இல்லை. இலை என் இலை, முடிவும் என் முடிவு. ஊசியை நிறுத்தினால் அவள் செத்துப்போகக் கூடும் என்று தெரிந்தே நிறுத்தினேன். சாகிறாள் என்று தெரிந்தே வேனைத் திருப்பினேன். கையில் மருந்தை வைத்துக்கொண்டு போடாமல் வந்தேன். இதற்கு உங்கள் சட்டத்தில் என்ன பெயரோ அதை என் பெயருக்கு நேரே எழுதுங்கள். கண்ணம்மை, மெய்யப்பன் மகள், டாக்டர்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. இதை எழுதுகிறேன் என்றதும், என்னைப் பைத்தியம் என்று சொல்லி என் வழக்கறிஞர் காப்பாற்றப் பார்க்கிறார், அதற்கும் நான் சம்மதிக்கவில்லை. என் புத்தி தெளிவாக இருக்கிறது.

அந்தத் தசையில் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. நேற்று முழுவதும் நீங்கள் கேட்டது நேரம், இடம், யார் எங்கே நின்றார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. நான் அன்றைக்கே சோதித்துவிட்டேன். தசை சேர்த்து வைக்கிற சர்க்கரை என்று ஒன்று உண்டு. நீலாவதியின் தசையில் அது ஏறக்குறைய இல்லை. இரத்தத்தில் வெள்ளமாக ஓடிய சர்க்கரையில் ஒரு துளிகூட உள்ளே போயிருக்கவில்லை. தசை பட்டினி கிடந்திருக்கிறது.

இதை வைத்து இலை தோற்றுவிட்டது என்று சொல்ல வருவார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் மறுபடியும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இலை மெதுவாகத்தான் வேலை செய்யும், ஊசி மாதிரி அது அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடாது. இன்னும் நான்கைந்து நாள் கிடைத்திருந்தால் அந்தத் தசை கண்டிப்பாக வாங்கியிருக்கும். நான் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன். அவசரப்பட்டவள் நீலாவதி.